எல்லோரும் திறந்த கதவு

எங்கள் ஊரான ஷேலாவில் வெளிநாட்டுக்காரர்களுக்கு ஸ்பானியம் சொல்லிக்கொடுக்கும் பள்ளிக்கூடம் தெருவுக்கு ஒன்று உண்டு. எல்லாம் பழைய வீடுகள்தான். நடு முற்றத்தைச் சுற்றிச் சின்னச் சின்ன மேஜைகள் போட்டிருப்பார்கள். மேஜைக்கு ஒரு டீச்சர், எதிரே ஒரே ஒரு மாணவர். காலையில் உட்கார்ந்தால் மதியச் சாப்பாடு வரைக்கும் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். கல்யாணம் செய்துகொண்டவர்கள்கூட அவ்வளவு பேச மாட்டார்கள். திங்கட்கிழமை முன்பின் தெரியாதவராக வந்தவர் வெள்ளிக்கிழமை கட்டிப்பிடித்து அழுதுவிட்டுப் போவார். ஊருக்குப் போனதும் பனியில் நின்று ஒரு போட்டோ எடுத்து அனுப்புவார். அதோடு சரி.

எர்மெலிந்தா அப்படி ஒரு மேஜையில் இருபது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்தவள். கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று கேட்பதை ஊர் எப்போதோ விட்டுவிட்டது. அப்பா அம்மா விட்டுப்போன வீட்டில் தனியாக இருந்தாள். காலை முழுக்க ஓயாமல் பேசுகிறவளுக்கு மதியத்துக்கு மேல் வாய் திறக்க ஆள் கிடையாது. வீட்டுக்குப் போய் ரேடியோவைப் போட்டுவிட்டு பீன்ஸைச் சூடுபண்ணிச் சாப்பிடுவாள். மறுநாள் காலை எட்டு மணிக்கு, “நேத்து சாயங்காலம் என்ன செஞ்சீங்க?” என்று மாணவரைக் கேட்பாள். அவர் திக்கித் திணறி எரிமலை ஏறியதையும் நடனம் கற்றதையும் சொல்லிவிட்டு, “நீங்கள் என்ன செய்தீர்கள், டீச்சர்?” என்று திருப்பிக் கேட்பார். அதற்கு அவள் தினம் ஒன்று கற்பனை செய்து சொல்வாள். ஒரு வாரம் அவளுக்கு ஒரு நாய்க்குட்டி இருந்தது. இன்னொரு வாரம் பாட்டு வகுப்புக்குப் போனாள். பாவம், பொய் சொல்ல வேண்டும் என்று இல்லை, வினைச்சொற்களுக்கு வேலை வேண்டுமே!

வருஷக்கணக்கில் அயலாரிடமே பேசியதில் அவளுடைய பேச்சும் மாறிப்போயிருந்தது. ஒவ்வொரு சொல்லாக, நிறுத்தி நிதானமாக, கையை ஆட்டி ஆட்டிப் பேசுவாள். சந்தையில் தக்காளி விற்கிறவள் ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டாள்.

“ஏன் டீச்சர், எனக்குக் காது நல்லாத்தானே கேக்குது? எனக்கு எதுக்கு இப்படிப் பாடம் நடத்துறீங்க?”

எர்மெலிந்தா சிரித்து மழுப்பிவிட்டு வந்தாள். வீட்டுக்கு வந்த பிறகு அழுகை வந்தது. தக்காளிக்காரி என்ன தப்பாகச் சொல்லிவிட்டாள் என்று அவளுக்கே புரியவில்லை.

அவளுக்கென்று இருந்த ஒரே சொந்தம் அக்கா சோய்லா. நாலு தெரு தள்ளி வீடு. சோய்லாவின் புருஷன் தெரேசோ இறந்து சில வருஷம் ஆகியிருந்தது. மகன்கள் இரண்டு பேரும் வடக்கே போய் அங்கேயே தங்கிவிட்டார்கள். காலியான அறைகளில் சோய்லா அதே பள்ளிக்கூடத்தின் மாணவர்களை வைத்துச் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும் எர்மெலிந்தாவுக்கு அங்கே சாப்பாடு. கோழிச் சாறு, சோளமாவை இலையில் கட்டி வேகவைத்த தமாலித்தோ, காப்பி. பீன்ஸ் விலை, சோய்லாவின் முழங்கால், மகன்கள் போனில் சொன்னது என்று பேச்சு போகும். அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் இல்லையென்றால் எர்மெலிந்தா எப்போதோ இடிந்துபோயிருப்பாள்.

ஒரு பெயரை மட்டும் அந்த மேஜையில் யாரும் சொன்னதில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் பிறந்தவன், அமில்கார். சட்டம் படித்துக்கொண்டிருந்தான். உள்நாட்டுப் போர் நடந்து, நம் ஊரில் படிக்கிற பையன்கள் இருட்டுகிற நேரத்தில் காணாமல்போன காலம் அது. ராணுவத்தின் நம்பர் இல்லாத வண்டி வரும், ஆள் இருக்க மாட்டான். கேட்டால் கேட்டவனும் இருக்க மாட்டான். அதனால் யாரும் கேட்கவில்லை. அப்பா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தார், அம்மா கேட்காமலே செத்துப்போனாள். கேட்கலாம் என்ற காலம் வந்தபோது கேட்கிற பழக்கம் போய்விட்டிருந்தது. கல்லறைத் திருநாள் அன்று அக்காவும் தங்கையும் சேர்ந்து போய் அப்பா அம்மா கல்லறையைக் கழுவுவார்கள். மூன்று கட்டுப் பூ வாங்குவாள் சோய்லா. மூன்றாவது கட்டு யாருக்கு என்று அவளும் சொன்னதில்லை, இவளும் கேட்டதில்லை.

ஆனால் எர்மெலிந்தாவின் நெஞ்சுக்குள் ஒரு முள் இருந்தது. அமில்கார் போன மறுவாரம், சோய்லா வீட்டுக்கு எதிரே ரொட்டி விற்ற பெண்பிள்ளை இவளைச் சந்துக்குள் இழுத்துக் காதோடு காதாகச் சொன்னாள். அன்றைக்குச் சாயங்காலம் அமில்கார் அக்கா வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டு நின்றதைத் தன் கண்ணால் பார்த்தாளாம். அக்கா அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லையே! உள்ளே விட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டாளா? தெரேசோவும் பயந்த சுபாவம், நகராட்சியில் குமாஸ்தா. பூனை குறுக்கே போனால்கூடத் தொப்பியைக் கழற்றுகிற ஆள். எர்மெலிந்தாவுக்கு அப்போது பதினேழு வயது. கூட்டிக் கழித்துப் பார்த்தாள். கதவைத் திறக்கவில்லை என்று முடிவு செய்துகொண்டாள். அன்று முதல் தெரேசோவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அக்காவோடு பேசினாள், அவள் கையால் சாப்பிட்டாள், அந்த முள்ளையும் சேர்த்துத்தான் விழுங்கினாள்.

முதன்முதலில் அதை அவள் வாய்விட்டுச் சொன்னது கனடாவிலிருந்து வந்த ஒரு கிழவரிடம். போர்க்காலத்தில் உங்கள் வீட்டில் என்ன நடந்தது என்று அவர் கேட்டார். வருகிறவர்கள் எல்லோரும் கேட்பதுதான். அதுவரை மழுப்பியவள் அன்றைக்கு ஏனோ சொன்னாள். அவருக்குப் புரிய வேண்டுமே என்று மெதுவாக, எளிய சொற்களில் சொன்னாள். கிழவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அழுதார். அவர் வெள்ளிக்கிழமை போய்விட்டார். எர்மெலிந்தாவுக்கு நெஞ்சு லேசானது. யாரிடம் சொன்னாளோ அவர் கடல் தாண்டிப் போய்விட்டார், இனித் தெருவில் எதிரே வர மாட்டார். இதைவிடப் பத்திரமான காது எங்கே கிடைக்கும்?

பிறகு அது பாடமாகவே ஆகிவிட்டது. ஸ்பானியத்தில் வினைச்சொற்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லிக்கொண்டு போனால் கடைசியில் வந்து நிற்பது ‘உபியெரா’. நடக்காமல் போனதை, நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்வதற்கான வினை. பெரிய படிப்புப் படித்தவர்கள்கூட அங்கே வந்ததும் தலையைச் சொறிவார்கள். நேரம் தவறாமல் வந்திருந்தால் பஸ்ஸைப் பிடித்திருப்பேன் என்று புத்தகத்தில் ஒரு உதாரணம் இருக்கும். யாருக்கு மனதில் நிற்கும்? எர்மெலிந்தா புத்தகத்தை மூடிவிட்டுச் சொல்வாள்: “அக்கா கதவைத் திறந்திருந்தால், அண்ணன் உயிரோடு இருந்திருப்பான்.”

அந்த வாக்கியம் ஒருவருக்கும் மறந்ததில்லை. மேஜையின்மேல் விரலை மடக்கித் தட்டிக் காட்டுவாள். பிறகு மாணவர் அதை எல்லா ஆட்களுக்கும் மாற்றிச் சொல்ல வேண்டும். நான் கதவைத் திறந்திருந்தால். நீ கதவைத் திறந்திருந்தால். நாங்கள் கதவைத் திறந்திருந்தால். ஜப்பான்காரர் திறந்தார். ஜெர்மன்காரி திறந்தாள். டெக்சாஸிலிருந்து வந்த பாதிரியார் குடும்பத்தோடு திறந்தார். வாரத்துக்கு ஒருத்தர் அந்தக் கதவைத் திறந்துகொண்டே இருந்தார்கள். திறக்க வேண்டியவள் மட்டும் திறக்கவில்லை என்று எர்மெலிந்தா மனதுக்குள் நினைத்துக்கொள்வாள். ஆரம்பத்தில் நினைக்கும்போது நெஞ்சு அடைத்தது. வருஷம் போகப் போக, எங்கே நிறுத்துவது, எங்கே குரலைத் தாழ்த்துவது என்பதில்தான் கவனம் போனது. சொந்த அண்ணனைப் பற்றிச் சொல்லும்போது உச்சரிப்பைத் திருத்துகிற நிலைக்கு வந்துவிட்டாள்.

ஒரு ஜாக்கிரதை மட்டும் விடாமல் வைத்திருந்தாள். அக்கா வீட்டில் தங்குகிற மாணவர் யாரையும் தன் மேஜைக்கு அனுப்பக் கூடாது என்று பொறுப்பாளர் தோன் நேரியிடம் சொல்லியிருந்தாள். சொந்தமும் தொழிலும் கலக்கக் கூடாது என்று அதற்கு ஒரு நியாயமும் வைத்திருந்தாள். தோன் நேரி தலையாட்டினார். எதற்கும் தலையாட்டுகிற மனுஷன் அவர்.

பிர்கித் என்ற டென்மார்க் நர்ஸ் இரண்டு வாரப் படிப்புக்கு வந்தது ஒரு மழைக்காலத்தில். நாற்பது வயது தாண்டியவள், படிப்பில் புலி. பஸ் கண்டக்டரையும் விட மாட்டாள், பூட்ஸ் துடைக்கிறவனையும் விட மாட்டாள், எல்லோரிடமும் அன்றைக்குப் படித்ததைப் பேசிப் பார்த்துவிடுவாள். புத்தகத்தில் இருப்பதுபோலவே பேசுவாள். முற்றத்தில் மற்ற டீச்சர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அவள் கொன்சுவெலோ அம்மா வீட்டில் தங்கியிருந்தாள். அது பூங்காவுக்கு அந்தப் பக்கம்.

புதன்கிழமை உபியெரா வந்தது. எர்மெலிந்தா வழக்கம்போலப் புத்தகத்தை மூடினாள், மேஜையைத் தட்டினாள், வாக்கியத்தைச் சொன்னாள். பிர்கித் கண்ணைத் துடைத்துக்கொண்டு எல்லா ஆட்களுக்கும் தப்பில்லாமல் மாற்றிச் சொன்னாள். நல்ல மாணவி.

“இன்னிக்கு வீட்டுப்பாடம் தெரியுமில்ல? ராத்திரிச் சாப்பாட்டுல வீட்டுக்காரங்ககிட்ட இந்த வினையை வச்சு ஒரு கதை சொல்லணும்” என்றாள் எர்மெலிந்தா. அவள் எல்லோருக்கும் எப்போதும் கொடுக்கிற வீட்டுப்பாடம் அது. வேறு வேறு வீடுகளில், வேறு வேறு மேஜைகளில் பஸ்ஸைத் தவறவிட்ட கதையும் காதலியைத் தவறவிட்ட கதையும் சொல்லப்பட்டுக்கொண்டிருந்தன.

மறுநாள் காலை பிர்கித் துள்ளிக்கொண்டு வந்தாள்.

“டீச்சர்! நேற்று இரவு நான் பேசினேன். நிறுத்தாமல் பேசினேன்!”

“அடடே. என்ன கதை சொன்னீங்க?”

“உங்கள் கதையைச் சொன்னேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நல்ல கதை இல்லை. ஒரு தவறும் வரவில்லை.”

எர்மெலிந்தாவுக்குச் சிரிப்பு வந்தது. “கொன்சுவெலோ அம்மாவுக்கு ஒரு காது கேக்காதே. கத்திச் சொன்னீங்களா?”

“இல்லை, டீச்சர். கொன்சுவெலோ அம்மா மருத்துவமனையில் இருக்கிறார்கள். பித்தப்பையில் கல். நேற்று மதியம் முதல் நான் வேறு வீட்டில் வசிக்கிறேன். சோய்லா அம்மா வீடு. மிகவும் அன்பானவர். அவருடைய முழங்கால் வீங்கியிருக்கிறது. நான் கட்டுப் போட்டுவிட்டேன்.”

எர்மெலிந்தா திறந்த நோட்டை மூடினாள். பென்சிலை எடுத்தாள், வைத்தாள்.

“அவங்க என்ன சொன்னாங்க?”

“கரண்டியைக் கீழே வைத்தார்கள். பிறகு, இதை உங்களுக்கு யார் சொன்னது என்று கேட்டார்கள். என் டீச்சர் என்றேன். பெயர் என்ன என்று கேட்டார்கள். சொன்னேன். ‘நன்றாகச் சொன்னீர்கள்’ என்று பாராட்டிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.” பிர்கித் கொஞ்சம் தயங்கினாள். “டீச்சர், என் தட்டில் இன்னும் பீன்ஸ் இருந்தது. நான் எதையாவது தவறாகச் சொன்னேனா?”

“இல்ல” என்றாள் எர்மெலிந்தா. “எந்தத் தப்பும் இல்ல.”

இடைவேளையில் தோன் நேரியின் அறைக்குப் போனாள். சண்டை போடத்தான் போனாள். அவர் ரொட்டியைக் காப்பியில் நனைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“அவசரத்துக்கு எங்க ரூம் காலியா இருக்குன்னு பார்த்தேன். உங்க அக்கா வீட்டுல இருந்துச்சு. நடுவாரத்துல டீச்சரை மாத்தினா அந்தம்மா என்னைக் கொன்னுடுவாங்க. அதுக்கு ஏன் இப்படி முகம் வெளுத்துப் போறீங்க? உங்க அக்கா சாப்பாடு நல்லாத்தானே போடுறாங்க?”

அவரிடம் என்னவென்று சொல்வது? திரும்பி வந்து மிச்சப் பாடத்தை நடத்தினாள்.

அன்று சாயங்காலம் அக்கா வீட்டுத் தெருமுனை வரை போனாள். அங்கேயே நின்றுவிட்டாள். ஊரெல்லாம் கூப்பிட்டு அக்காவைக் கொலைகாரி ஆக்கியிருக்கிறோம், அதுவும் அவள் போட்ட சோற்றைத் தின்றுகொண்டே. என்னவென்று போய் நிற்பது? சோய்லா கோபக்காரி. ஒருமுறை கதவைச் சாத்திவிட்டால் திறக்கிறவள் இல்லை. மகன்களில் மூத்தவனோடு ஏதோ ஒரு வார்த்தைக்காக இரண்டு வருஷம் பேசாமல் இருந்தவள். அக்காவும் போய்விட்டால் தனக்கு யார்? திங்கட்கிழமை வருகிறவர்களும் வெள்ளிக்கிழமை போகிறவர்களும்தான். மழை பிடித்துக்கொண்டதைச் சாக்காக வைத்துத் திரும்பிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை பிர்கித்திடம் எதுவும் தெரியாதவள்போல விசாரித்தாள்.

“சோய்லா அம்மா நேத்து ஏதாவது பேசினாங்களா?”

பிர்கித் நெற்றியைச் சுருக்கி யோசித்தாள். “பேசினார்கள். ‘நாளைக்கும் மழை வரும்’ என்றார்கள்.”

சனிக்கிழமை முழுக்க எர்மெலிந்தா வீட்டில் ஒரே இடத்தில் உட்காரவில்லை. மன்னிப்புக் கேட்பதற்கு ஒரு பேச்சைத் தயார்செய்தாள். மாணவர்கள் விடைபெறும்போது பேசுகிற பேச்சுகளை அவள்தான் திருத்திக் கொடுப்பாள். அந்தப் பழக்கத்தில் இதையும் சொல்லிச் சொல்லித் திருத்தினாள். முதலில் வணக்கம், பிறகு காரணம், கடைசியில் வருத்தம். அக்காவிடம் யாராவது இப்படிப் பேசுவார்களா என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. யாருக்கும் வரக் கூடாத கஷ்டம் அது, சொந்த ரத்தத்தோடு பேசுவதற்கு ஒத்திகை பார்ப்பது.

ஞாயிற்றுக்கிழமை மாணவர்களை எல்லாம் வெந்நீர் ஊற்றுக்கு அழைத்துக்கொண்டு போயிருந்தார்கள். பிர்கித்தும் அவர்களோடு போயிருந்தாள். எர்மெலிந்தா அக்கா வீட்டு வாசலில் நின்றாள். பச்சைப் பெயின்ட் அடித்த, இரட்டைக் கதவு. இத்தனை வருஷமாக மேஜைமேல் தட்டிக் காட்டிய கதவு. கையை ஓங்கினாள், தட்டினாள். உள்ளேயிருந்து சோய்லாவின் குரல் வந்தது.

“திறந்துதான் இருக்கு. எதுக்குத் தட்டுறே?”

மேஜையில் இரண்டு தட்டு இருந்தது. அதைப் பார்த்ததும் எர்மெலிந்தாவுக்குப் பாதி உயிர் வந்தது. சோய்லா காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். முழங்காலில் டென்மார்க் நர்ஸ் போட்ட கட்டு, பார்க்கவே அழகாக இருந்தது. சாறு ஊற்றினாள். தமாலித்தோவைப் பிரித்து வைத்தாள். இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். பீன்ஸ் விலையைப் பற்றிச் சோய்லா பேசவில்லை, மகன்களைப் பற்றியும் பேசவில்லை.

எர்மெலிந்தா கரண்டியை வைத்தாள். நிமிர்ந்து உட்கார்ந்தாள். இரண்டு கையையும் மேஜைமேல் வைத்துக்கொண்டாள்.

“அக்கா. நான். உன்கிட்ட. ஒரு விஷயம். சொல்லணும்.”

“வெள்ளைக்காரிகிட்டப் பேசுற மாதிரி என்கிட்டப் பேசாதடி” என்றாள் சோய்லா. “எனக்கு மொழி தெரியும்.”

தயார்செய்த பேச்சு எல்லாம் எங்கேயோ போய்விட்டது. எர்மெலிந்தாவுக்குக் கண்ணில் நீர் கட்டிக்கொண்டது.

“எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கே?” என்று கேட்டாள் சோய்லா.

“தெரியலக்கா.”

“நூறு பேரு?”

“அதுக்கு மேலயே இருக்கும்.”

“அப்ப டென்மார்க்ல நான் கதவைத் திறக்காதவ. ஜப்பான்ல?”

“ஜப்பான்லயும்தான்.”

“நல்லது. நான் கடலையே பார்த்தது ரெண்டு தடவை. என் பேரு அவ்வளவு தூரம் போயிருக்கு.”

“உன் பேரைச் சொன்னதே இல்லக்கா. சத்தியமா. அக்கான்னு மட்டும்தான் சொல்வேன்.”

“உனக்கு எத்தனை அக்கா?”

சோய்லா தமாலித்தோ இலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். கோபமாக இருப்பவள் அப்படி அடுக்க மாட்டாள், எறிவாள். எர்மெலிந்தாவுக்கு அது இன்னும் பயமாக இருந்தது.

“நான் திறக்கலன்னு உனக்கு யாரு சொன்னா?”

“ரொட்டிக்காரி. அண்ணன் தட்டிக்கிட்டு நின்னதை அவ பார்த்தாளாம்.”

“தட்டினதைப் பார்த்தா. அப்புறம்?”

“அப்புறம் அவளுக்குப் பயம் வந்து உள்ள போயிட்டாளாம்.”

“உள்ள போயிட்டா. அவ்வளவுதான் அவ பார்த்தது” என்றாள் சோய்லா. “மிச்சத்தை நீயே பார்த்துக்கிட்டே.”

சாறு ஆறிக்கொண்டிருந்தது. சோய்லா அதை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தாள். குரலைத் தாழ்த்தவும் இல்லை, நிறுத்தவும் இல்லை. சமையல் சொல்வதுபோலச் சொன்னாள்.

“ரெண்டாவது தடவை தட்டறதுக்குள்ள தெரேசோதான் போய்த் திறந்தாரு. பூனைக்குப் பயப்படுறவருன்னு எல்லாரும் சிரிப்பீங்களே, அவருதான். உள்ள இழுத்துக் கதவைச் சாத்தினாரு. தம்பி இதே இடத்துல, நீ உக்காந்திருக்கியே, அங்கதான் உக்காந்து சாப்பிட்டான். பசி அவனுக்கு. ரெண்டு நாளா ஒரே இடத்துல தூங்கலன்னான். ராத்திரி இங்க இரு, விடிஞ்சதும் கடற்கரைப் பக்கம் லாரியில அனுப்பிடறேன்னு தெரேசோ சொன்னாரு. அவனும் சரின்னான். தெரேசோவோட கோட்டைக்கூடத் தம்பி மாட்டிக்கிட்டான்.”

எர்மெலிந்தா தான் உட்கார்ந்திருந்த நாற்காலியின் விளிம்பைத் தொட்டுப் பார்த்தாள்.

“அப்புறம் எர்மே எங்கன்னு உன்னைக் கேட்டான். அம்மா அத்தை வீட்டுக்குப் போயிருக்கா, எர்மே வீட்டுல தனியா இருக்கான்னு நான்தான் சொன்னேன். வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். சொல்லிட்டேன். என்னைத் தேடி அங்க வருவாங்க, அவ தனியா இருக்கக் கூடாது, போய்க் கூட்டிக்கிட்டு வந்துடறேன்னு எழுந்துட்டான். நான் போறேன்னாரு தெரேசோ. உங்களை அவ நம்பி வர மாட்டா, பயந்துக்குவான்னு சிரிச்சான். நாலு தெருதானேன்னான். தெரேசோ முனை வரைக்கும் பின்னாடியே ஓடினாரு. வண்டி வந்து நின்னதை அவரு பார்த்தாரு.”

நாலு தெரு. எர்மெலிந்தா அந்த நாலு தெருவையும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நடந்திருக்கிறாள். அன்றைக்கு அவள் வீட்டில் தாழ்ப்பாள் போட்டுவிட்டு, போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு தூங்கிவிட்டிருந்தாள். ஒரு சத்தமும் கேட்கவில்லை. இருபது வருஷப் பழக்கத்தில் அவள் வாயில் தானாகவே ஒரு வாக்கியம் வந்து நின்றது. நான் அன்றைக்குத் தனியாக இல்லாதிருந்தால். அதன் அடுத்த பாதியை அவளால் சொல்ல முடியவில்லை. ஊருக்கெல்லாம் அதைச் சொல்லிக்கொடுத்தவள் அங்கேயே நின்றுவிட்டாள்.

“தெரேசோகிட்ட நான்...” என்று ஆரம்பித்தாள்.

“அவரு சாகக் கிடந்தப்பகூட நீ வாசப்படியிலதான் நின்னே. பார்த்தேன். அவரும் பார்த்தாரு. அப்பக்கூட, அந்தப் புள்ளைக்குத் தெரிய வேணாம்னுதான் சொன்னாரு.”

எர்மெலிந்தா மேஜையில் தலையைக் கவிழ்த்து அழுதாள். டீச்சர்போல இல்லை, சின்னப் பெண்போல மூக்கை உறிஞ்சிக்கொண்டு அழுதாள். சோய்லா தடுக்கவில்லை. நொண்டிக்கொண்டே எழுந்து போய்க் காப்பி வைத்தாள். இரண்டு கோப்பையில் ஊற்றிக் கொண்டுவந்து வைத்துவிட்டுத் தங்கைக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள் எப்போதும் எதிர்ப்பக்கம்தான் உட்காருவாள்.

“ஏன்க்கா என்கிட்டச் சொல்லல? ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாமே?”

“என்னன்னு சொல்ல? உன்னைக் கூட்டிட்டு வரத்தான் போனான்னா? பதினேழு வயசுடி உனக்கு.”

“அப்புறமாவது? வயசாகலையா எனக்கு?”

சோய்லா காப்பியை ஊதினாள். அவள் கண்ணும் கலங்கியிருந்தது.

“உன் பார்வை தெரியாதா எனக்கு? நான்தான் திறக்கலன்னு நீ நெனைக்கிறது எனக்குத் தெரியும். சொல்லிடலாம்னு எத்தனையோ ஞாயித்துக்கிழமை வாய் வரைக்கும் வந்துச்சு. ஆனா எனக்குப் புருஷன் இருந்தாரு, புள்ளைங்க இருந்தாங்க. உனக்கு யாருடி இருந்தா? கோவப்படறதுக்காவது நான் ஒருத்தி இருக்கட்டும்னு விட்டுட்டேன்.”